ஏழு இடம் போனோம்... என்னத்தைப் பார்த்தோம்?



போன இதழில் வந்த சுற்றுலாக் கட்டுரையை எல்லாரும் படிச்சிருப்பீங்க. 'இன்பச் சுற்றுலா இனிதே நிறைவுற்றது' என்று முடிந்திருந்தது. அதை எழுதிய நண்பர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டு. பாதி வழி தூங்கிக்கிட்டேதான் வந்தார். அதனால் முழிச்சிருந்த ஒருத்தனின் கருத்தும் இந்தச் சுவரில் இருக்கட்டும்னு எழுதுகிறேன். யாரும் கோபிக்க வேண்டாம்!

நோட்டீஸில் ஏழு இடம் போட்டிருந்தது. நடந்தது என்ன? விடியற்காலை கிளம்பி தஞ்சாவூர் பெரிய கோயில். 40 நிமிஷம். அடுத்து அரண்மனை. அது இன்னும் திறக்கவில்லை. வாசலில் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கிட்டோம், அதுவும் 'பார்த்த இடம்' கணக்கில் சேர்ந்துவிட்டது. கல்லணையில் இறங்கி தண்ணியைப் பார்த்துட்டு ஏறினோம். வழியில் பஞ்சர். திருவானைக்காவல் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை, நடை சாத்தியாச்சு. ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்த நேரத்தைவிட செருப்பு தேடின நேரம் அதிகம். மலைக்கோட்டையில் பாதிப் படி ஏறினதும் விசில் அடிச்சுட்டாங்க. முக்கொம்பு போனபோது இருட்டிப்போச்சு. ராத்திரி பதினொன்றரைக்கு வீடு.

பாட்டும் ஆட்டமும் சூப்பர்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா மறுநாள் எங்க பாட்டி "கல்லணையில என்னடா பாத்த?"ன்னு கேட்டப்போ, "தண்ணி போச்சு பாட்டி"ன்னுதான் சொல்ல வந்தது.

இதுக்கு ஆளுக்கு 750 ரூபாய். எங்க வகுப்பில் ஒன்பது பேர் வரலை. வயித்துவலி, ஊர்ல கல்யாணம், அப்படி இப்படின்னு காரணம் சொன்னாங்க. ஒன்பது பேருக்கும் ஒரே வாரத்துல வயித்துவலி வருமா நண்பர்களே?

என் யோசனை இதுதான். ஒரு நாளைக்கு ஏழு இடம் வேண்டாம். ஒரே ஒரு பொருளை எடுத்துக்குவோம். அது எங்கே பிறக்குது, யார் கையில வளருது, கடைசியில் எங்கே போய் நிக்குதுன்னு அதன் பின்னாடியே ஒரு நாள் போவோம். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சென்னையில் மயிலாப்பூர் மாட வீதிகளை நடந்தே சுத்திக் காட்டுறாங்க. செட்டிநாட்டுப் பக்கம் ஆத்தங்குடி கல் போடுற இடத்துக்கு ஆட்களைக் கூட்டிட்டுப் போறாங்க. அவ்வளவு ஏன், நமக்குப் பக்கத்துல சுவாமிமலைக்கு ஏசி வேனில் வெள்ளைக்காரங்க வந்து, பட்டறையில் உட்கார்ந்து பார்த்துட்டுப் போறாங்க. கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை 8 கிலோமீட்டர் இருக்குமா? முருகன் கோயிலுக்குப் போகாதவங்க நம்மில் யாரும் இல்லை. பட்டறைக்குள் போனவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம்!

2023-ல் டெல்லியில் ஜி20 மாநாடு நடந்த பாரத மண்டபத்துக்கு முன்னால் 27 அடி நடராஜர் சிலை வச்சாங்களே, சுமார் 18 டன், அது சுவாமிமலையில் செஞ்சதுதான். அந்தப் படத்தை நாம எல்லாரும் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வச்சோம். ஆனா ஒரு சிலை எப்படி உருவாகுதுன்னு கேட்டா முழிப்போம்.

நான் ஒரு தடவை பார்த்திருக்கேன். முதலில் மெழுகில்தான் சிலை. தேன்மெழுகோட குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சி, கையால் பிடிச்சு, சூடான கரண்டியால் இழைச்சு, விரல் நகம் வரைக்கும் செய்யுறாங்க. அளவுக்கு ஸ்கேல் இல்லை. தென்னை ஓலையைக் கிழிச்சு, மடிச்சு மடிச்சு, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவுன்னு குறிச்சுக்கிறாங்க. அப்புறம் மெழுகின் மேல் காவிரி வண்டல் பூச்சு. அந்த மண் மாவு மாதிரி இருக்கு, மெழுகில் கீறின மயிரிழைக் கோடுகூட அதில் பதியும். மேலே கொரகொரப்பான மண், அதைச் சுத்திக் கம்பிக்கட்டு. காய்ந்ததும் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே வெறும் கூடு. அதுக்குள் உருகின உலோகத்தை ஊத்தி, ஆறினதும் மண்ணை உடைச்சுடுறாங்க. அச்சு போச்சு! அதே அச்சில் இன்னொரு சிலை கிடையாது. அப்புறம் அரமும் உளியும் வச்சு எத்தனையோ நாள் வேலை.

நம்ம வேதியியல் சார் கவனிக்கவும். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும்னு நாங்க மனப்பாடம் பண்ணி ஒரு மார்க் வாங்கியிருக்கோம். உலையிலிருந்து எடுத்த மூசையைப் பத்தடி தள்ளி நின்னு பார்த்தேன், முகம் எரிஞ்சுது. அந்த ஒரு மார்க்குக்கு அன்னைக்குத்தான் அர்த்தம் புரிஞ்சுது. இன்னொண்ணு: எவ்வளவு உலோகம் உருக்கணும்னு முன்கூட்டியே எப்படித் தெரியும்? மெழுகுச் சிலையை எடை போட்டுப் பெருக்கிக்கிறாங்க. மெழுகின் அடர்த்தி சுமார் 0.96, வெண்கலம் 8.8-க்குப் பக்கம். வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு வருது. 'அடர்த்தி எதுக்கு சார் படிக்கணும்?'னு கடைசி பெஞ்சிலிருந்து கேட்கிறவங்களுக்கு இதைவிடப் பதில் என்ன வேணும்?

காலையில் பட்டறை. மதியம் வீட்டுச் சோறு, அதுக்கு மேல பித்தளை டபராவில் ஒரு டிகிரி காபி (அதுவும் உலோகக்கலவைதானே, ஹி... ஹி...). அங்கிருந்து தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடம். ஆமாம், நாம வாசலில் போட்டோ எடுத்துட்டுத் திரும்பின அதே அரண்மனைதான்! உள்ளே திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் நிற்கிறார். 1011-ஆம் ஆண்டுச் சிலை. காளை மேல் கை வச்சு சாய்ந்து நிற்கிற கோலம். காளை இப்போ இல்லை. கை மட்டும் காத்தில் அப்படியே ஊன்றி நிற்குது. எங்க மாமாவோட போனப்போ அதன் முன்னாடி நின்னு இல்லாத காளையை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன். காலையில் மெழுகைப் பார்த்தவன் சாயங்காலம் அந்தக் கையைப் பார்த்தால், இதுவும் ஒரு நாள் மெழுகா இருந்ததுதானேன்னு தோணும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கையும் சேர்க்கலாமேன்னு ஒரு நண்பர் கேட்டார். அது எதிர்த்திசை. அதையும் சேர்த்தா மறுபடி விசில்தான். அதுக்கு இன்னொரு நாள்.

சாப்பாட்டுப் பிரியர்களுக்கும் ஒரு நாள் வச்சிருக்கேன். பொருள்: பாசிப்பயறு. தையில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி, நிற்கிற பயிருக்குள்ளேயே பயறையும் உளுந்தையும் நம்ம பக்கம் தெளிச்சு விடுவாங்க. நெல்லுக்குப் பாய்ஞ்ச ஈரத்திலேயே அது முளைச்சுடும். அந்தப் பருப்புதான் இட்லிக்குத் தொட்டுக்கிற கும்பகோணம் கடப்பா. அதே பருப்புதான் திருவையாற்று அசோகா. மாசி மாசம் வயலில் ஆரம்பிச்சு திருவையாற்றில் முடிச்சா... நாக்கில் தண்ணி ஊறுதா? எனக்கும்தான்!

ஆசிரியர்கள் சிலர், "பட்டறையில் நெருப்பு இருக்கு, பசங்களை யார் பார்த்துக்கிறது?" என்று கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. 54 பேரைக் கூட்டிட்டுப் போனா யாராலும் பார்த்துக்க முடியாது. அதனாலதான் சின்னக் கூட்டமா போகணும்ங்கிறேன்.

ஆனா என்னைத் தூங்க விடாத கேள்வியைக் கேட்டது ஆசிரியர் இல்லை, நம்ம வகுப்பு நண்பன் ஒருத்தன். அவன் அப்பா சுவாமிமலையில் சிலைக்கு அரம் போட்டு ராவுகிற வேலை பார்க்கிறார். அவனும் அந்த வயித்துவலி ஒன்பது பேரில் ஒருத்தன். இந்த யோசனையை முதலில் அவன்கிட்டதான் சொன்னேன். குதிப்பான்னு நினைச்சேன். அவன் சொன்னது:

"எங்கப்பாவைப் பார்க்க டிக்கெட் போடப் போறியாடா?"

எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. அவனே சொன்னான். பள்ளி விண்ணப்பத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் 'கூலி'ன்னுதான் எழுதியிருக்கான். சிலை வேலைன்னா, "அப்போ நீங்க ஸ்தபதியா?"ன்னு கேட்பாங்களாம். அவர் ஸ்தபதி இல்லை, அடுத்தவர் பட்டறையில் கூலிக்கு ராவுகிறவர். "வேன்ல வர்றவங்க வேலை செய்றவங்க கைகிட்ட கேமராவைக் கொண்டு போவாங்க. பேர் கேட்க மாட்டாங்க. செஞ்ச வேலைக்குத்தான் கூலி. ஒரு கூட்டம் வந்துட்டுப் போனா அரை நாள் கூலி போச்சு. நீங்க வந்தா மட்டும் வேற என்ன பண்ணப் போறீங்க?"

நான் எழுதி வச்சிருந்த திட்டத்தைக் கிழிச்சுட்டு அவனை வச்சுக்கிட்டே திரும்ப எழுதினேன். ஒரு தடவைக்கு 15 பேர், அதுக்கு மேல் இல்லை. என்னைக்குப் போறதுன்னு பட்டறைக்காரங்க சொல்லணும், நாம இல்லை. ஆளுக்கு 50 ரூபாய் எடுத்து, அன்னைக்கு வேலையை நிறுத்தி நமக்குச் சொல்லிக்கொடுக்கிறவங்க கையில் பாட நேரத்துக்கான கூலியா கொடுக்கணும். வேலை செய்கிறவர் முகத்துக்கு நேரா செல்போன் நீட்டக் கூடாது. முதலில் பேர் கேட்கணும். மெழுகு பிடிக்கிறவர், மண் பூசுறவர், ராவுறவர் எல்லார் பேரும் திரும்பி வந்து எழுதுற கட்டுரையில் இருக்கணும். சின்னப் பொம்மையைக் கையில் எடுத்து "எவ்வளவுண்ணே, குறைச்சுக் குடுங்க"ன்னு பேரம் பேசக் கூடாது. வாங்கக் காசில்லைன்னா சும்மா பார்த்துட்டு வருவோம், தப்பில்லை.

சுவாமிமலைக்கு டவுன் பஸ் இருக்கு. பெண்களுக்கு 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. தஞ்சாவூர் டிக்கெட், கலைக்கூட நுழைவுச் சீட்டு, காபி, அந்த 50 ரூபாய் எல்லாம் கூட்டினாலும் 750-க்குப் பக்கத்தில்கூட வராது.

இதையெல்லாம் படிச்சுட்டு அவன் ரெண்டு நாள் பேசவே இல்லை. மூணாம் நாள் பிரேயர் முடிஞ்சு வரும்போது, "அப்பாகிட்ட கேட்டேன். உலை மூட்டுற நாள் முன்கூட்டியே சொல்றாராம். ஆனா நான்தான் உங்களைக் கூட்டிட்டுப் போவேன், வேற யாரும் விளக்கம் சொல்லக் கூடாது"ன்னான்.

தலைமையாசிரியர் அனுமதி கேட்டு மனு எழுதிக் கொடுத்தாச்சு. பதில் வர்றதுக்குள் பேர் சேர்க்கலாம்னு இந்தத் தாளுக்குக் கீழே 15 கோடு போட்டு, ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கேன். பென்சிலை யாரும் எடுத்துட்டுப் போக வேண்டாம், ப்ளீஸ். மேலே உள்ள எட்டு கோடு போன தடவை 'வயித்துவலி' வந்தவங்களுக்கு. மீதி ஏழு கோட்டுக்கு நீங்க அடிச்சுக்கலாம்.

— பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்