மயிலாப்பூர் புன்னையும் வாட்ஸ்அப் வைத்தியரும்

"எய்ட்ஸுக்கு சித்தர் மூலிகை, 48 நாளில் வைரஸ் காலி" என்று ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். கீழே போன் நம்பர், மேலே அகத்தியர் படம். கேள்வி கேட்டால் "நீ தமிழ் மருத்துவத்துக்கு எதிரியா?" என்பார்கள்.

எதிரி நாமில்லை. நம் மூலிகையைச் சோதனைக்கூடத்துக்குள் விடாமல் கடையிலேயே நிறுத்தி வைத்திருப்பவன்தான் எதிரி.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தலமரம் எது? புன்னை. அதன் உறவுக்காரமரம் ஒன்று மலேசியாவின் சரவாக் காட்டில் இருக்கிறது. 1987-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்காக அதன் கிளையும் இலையும் எடுத்துப் போனார்கள். எச்.ஐ.வி. பெருகத் தேவையான நொதியைத் தடுக்கும் கலனோலைடு என்ற பொருள் அதில் கிடைத்தது. திரும்பப் போய்ப் பார்த்தால் மரத்தை வெட்டிவிட்டார்கள்! அதற்கப்புறம் சரவாக் அரசு விழித்துக்கொண்டு, 1996-ல் அமைத்த கூட்டு நிறுவனத்தில் சரிபாதிப் பங்கை வாங்கியது. மனிதர்களிடம் சோதித்தும் பார்த்தார்கள். இன்றுவரை அது மருந்தாகக் கடைக்கு வரவில்லை. அவ்வளவு கஷ்டமான வழி இது. கண்ணாடித் தட்டில் வைரஸைக் கொல்ல சோப்புத் தண்ணியே போதும். மனுஷ உடம்பைக் கெடுக்காமல் உள்ளே போய்க் கொல்லணும், அதான் சோதனை.

நம்ம புன்னையிலிருந்து பிரித்த இனோஃபில்லமும் அதே நொதியைத் தடுப்பதை 1990-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் அந்த மரத்தைச் சுற்றிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தோம்.

சோதிக்காமல் கொடுத்தால் என்ன ஆகும்? 2007-ல் காம்பியா நாட்டு அதிபர் யாஹ்யா ஜாம்மே, தானே மூலிகை பூசி எய்ட்ஸைக் குணமாக்குவதாகச் சொன்னார். வந்தவர்களை ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஒரு நாட்டின் அதிபரே! பதவி போன பிறகு, 2018-ல், பிழைத்தவர்கள் அவர் மேல் வழக்குப் போட்டார்கள். பிழைக்காதவர்கள் எங்கே போய் வழக்குப் போடுவது?

மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் பரவாயில்லையே என்பீர்கள். அதுவும் அவ்வளவு சுலபமில்லை. இன்று அரசு இலவசமாகத் தரும் மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருக்கிறது. கூடவே இரும்போ சுண்ணாம்புச் சத்தோ வெறும் வயிற்றில் போனால், அந்த மருந்து உடம்பில் ஏறுவது குறையும். அயச்செந்தூரத்தில் இருப்பது என்ன? இரும்பு. சங்கு பற்பத்தில்? சுண்ணாம்புச் சத்து. எத்தனை மணி நேரம் இடைவெளி விடணும்னு நோயாளிக்கு யார் சொல்வது, அந்த போன் நம்பரா?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் கண்டறியப்பட்டது நம் சென்னையில். தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையில் சித்த மருந்தும் கொடுத்துப் பார்த்த ஊர் இது. ஆளும் இருக்கு, அனுபவமும் இருக்கு. ஆகவே அரசிடம் கேட்கிறோம்: சித்த மருத்துவக் கல்லூரியையும் வைரஸ் ஆய்வுக்கூடத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவா. பணம் ஒதுக்கு. தோற்ற சோதனையின் முடிவையும் வெளியிடு. மூலிகை காட்டிக்கொடுத்த காணிக்காரருக்கும் மலைவாசிக்கும் பங்கை முதலிலேயே எழுதி வை. எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக மருந்து விற்பதைத் தடுக்கும் சட்டம் ஏற்கனவே இருக்கு, அதை எடுத்து வீசு.

தோழர்களே, அந்த ஃபார்வர்டு மறுபடி வந்தால் அனுப்பியவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க, முன்னும் பின்னும் வைரஸ் அளவு எவ்வளவு, ரிப்போர்ட் எங்கே? மாத்திரை சாப்பிடும் நம் உறவுகள் யாராவது லேகியமும் சாப்பிட்டால், ஏ.ஆர்.டி. மையத்தில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாள்கூட மாத்திரையை நிறுத்த வேண்டாம்.