பொம்மைப் படமா, எனக்கா?

போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்த நண்பர், ஐம்பது வயசுவரை ஒரு அனிமேஷன் படம்கூடப் பார்க்காதவர், எதில் ஆரம்பிக்கலாம்னு கேட்டார். ஊரே 'லயன் கிங்' என்னும். என் ஓட்டு 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'வுக்குத்தான். நீமோ ஜாதி மீன்கள் இங்கேயே ஹேவ்லாக் பக்கம் பவளப்பாறைகளில் இருக்கின்றன என்பது உபரி லாபம்.

உண்மையில் அது அப்பாக்களின் படம் சார். மார்லின் பொத்திப் பொத்தி வளர்த்ததால்தான் பிள்ளை வீம்புக்கு நீந்திப்போய் மாட்டுகிறான். போன வருஷம் மகளைக் கல்லூரிக்காகச் சென்னை விமானம் ஏற்றிவிட்ட ராத்திரி மறுபடி பார்த்தேன். தங்கமணிக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் :-)

ஆரம்பத்திலேயே அம்மா மீன் செத்துப்போகும். வாண்டுகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வில்லனே வேண்டாம் என்பவர்களுக்கு மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988).

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வரும்வரை இங்கே எல்லாமே பென் டிரைவ் புண்ணியம். இப்போ சாக்கு சொல்ல முடியாது.