தவறு செய்யாதவர் விலகும் விதி

சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு விமானங்கள் ஜோடியாகத் தரையிறங்கும் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள இணை ஓடுபாதைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 750 அடிதான். சுமார் 229 மீட்டர். சாங்கியில் இந்த இடைவெளி ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகம்.

வானம் தெளிவாக இருந்து, பக்கத்து விமானத்தை விமானி கண்ணால் பார்க்க முடிந்தால்தான் அப்படி இறங்க அனுமதி இருந்தது. மேகம் தாழ்ந்தால் ஜோடி பிரிக்கப்பட்டது, தாமதம் தொடங்கியது. பயணிகள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

மேகத்துக்குள்ளும் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று சாராமல் இறங்க, ஓடுபாதைகளுக்கு இடையே குறைந்தது 1,035 மீட்டர் இருக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. இரு தடங்களுக்கும் நடுவே குறைந்தது 610 மீட்டர் அகலத்துக்கு, யாரும் நுழையக்கூடாத வான்பட்டை ஒன்றும் வகுக்கப்படுகிறது. கட்டுப்பாட்டாளர்கள் திரையில் அதைக் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள்.

என்னை யோசிக்க வைத்தது அதற்கடுத்த விதி. தடம் மாறும் விமானத்தைத்தான் முதலில் திரும்பச் சொல்வார்கள். அது கேட்காமல் பட்டைக்குள் நுழைந்தால், எந்தத் தவறும் செய்யாத பக்கத்து விமானத்துக்கு உத்தரவு பறக்கும்: இறங்குவதைக் கைவிட்டு உடனே விலகு. இது அநியாயம் என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. ஆனால் தடம் மாறியவருக்கு என்ன கோளாறோ, வானொலி கேட்கிறதோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? சொன்னால் கேட்கக்கூடியவரைத்தான் நகர்த்த முடியும். யார் மீது குற்றம் என்பதைத் தரையிறங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம். சாலையில் பச்சை விளக்கை மட்டும் நம்பி வேகத்தைக் கூட்டும் நம்மவர்கள் சிலருக்கு இது புரிவதில்லை.

2017 ஜூலை 7, நள்ளிரவு நெருங்கும் வேளை. அதே சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஓடுபாதை மூடப்பட்டு, விளக்கணைந்து கிடந்தது. இறங்க வந்த ஏர் கனடா விமானிகள் திறந்திருந்த ஓடுபாதையை அந்த இன்னொரு ஓடுபாதை என்று நினைத்து, அதன் பக்கத்தில் விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதையை நோக்கி இறங்கினர். அங்கே நான்கு விமானங்கள் புறப்படக் காத்திருந்தன. முதல் விமானத்தின் விமானி வானொலியில் எச்சரித்தார். இரண்டாவதாக நின்ற பிலிப்பீன்ஸ் ஏர்லைன்ஸ் விமானிகள் சட்டென விளக்குகளை எரியவிட்டனர். ஏர் கனடா விமானம் தரையிலிருந்து சுமார் 60 அடி உயரம்வரை தாழ்ந்து, பிறகு மேலே ஏறியது. நின்றிருந்தவர்கள் செய்த தவறு எதுவுமில்லை; தங்கள் முறை வரும்வரை வரிசையில் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.