கடல் கடந்து போகும் பிள்ளைக்குத் துணை யார்?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காஞ்சிபுரத்தில் ஜுமுஆத் தொழுகை நிறைவேறி, மக்கள் கலைந்து சென்ற பின்னர், பட்டுத் தறியை நம்பிப் பிழைக்கும் சகோதரர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். சிறிது நேரம் தயங்கிவிட்டுப் பேசினார்:

"ஹஜ்ரத், மகன் கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறான். உயரமான பிள்ளை. நல்ல ஆட்டக்காரன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முயன்றால் வெளிநாட்டிலே படிப்புச் செலவும் கொடுத்து ஆடவும் சேர்த்துக்கொள்வார்கள் என்று பயிற்சியாளர் சொல்கிறார். அவன் அம்மா அழுகிறாள். அனுப்பலாமா, கூடாதா?"

அடுத்த வெள்ளியன்று பதில் சொல்வதாகக் கூறி அவரை அனுப்பினேன். இத்தகைய கேள்விக்கு முன்பொருமுறை அவசரப்பட்டுப் பதில் சொல்லி நான் வருந்தியதுண்டு. அதனைப் பின்னர் கூறுகிறேன்.

விளையாட்டு மார்க்கத்தில் ஆகுமானதா என்பதன்று அத்தந்தையின் கேள்வி. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், மல்லனாகிய ருகானாவுடன் மற்போர் புரிந்ததையும், வலிமையுள்ள நம்பிக்கையாளரைச் சிறப்பித்துக் கூறியதையும் நம் பிள்ளைகளும் அறிவர். அவ்ரத்தை மறைத்து, கடமைகளைப் பாழாக்காமல், சூதும் கேடும் கலவாமல் ஆடும் ஆட்டத்தைத் தடுப்பதற்கு நமக்கு ஆதாரம் இல்லை. அத்தந்தையின் உள்ளத்தில் இருந்தது வேறோர் அச்சம். "போகிற பிள்ளை, நம் பிள்ளையாகவே திரும்புவானா?" என்பதே அது. அந்த அச்சம் நியாயமானது. அதற்கு விடை காண, இவ்வழியில் முன்னரே சென்றவர்களின் வாழ்வைப் பார்ப்பது நலம்.

ஆப்பிரிக்காவின் நைஜீரியா நாட்டில், லாகோஸ் நகரில், 1963ஆம் ஆண்டு ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் ஹக்கீம் ஒலாஜுவான். பெற்றோர் சிமெண்ட் வியாபாரம் செய்தவர்கள். கட்டுப்பாடு மிகுந்த இல்லம். சிறுவயதில் அவர் ஆடியவை கால்பந்தும் கைப்பந்தும்தாம். கூடைப்பந்தை முதன்முதலாகத் தொட்டபோது அவருக்கு வயது ஏறத்தாழப் பதினைந்து. 1980ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய அணி 1982, 1983, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்நாட்டுக் கல்லூரிப் போட்டியின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தது. 1984இல் தொழில்முறை அணிகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தபோது, அனைவருக்கும் முதலாவதாக ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி இவரைத் தேர்ந்தெடுத்தது. உலகமே கொண்டாடிய மைக்கேல் ஜோர்டான் அவ்வாண்டில் மூன்றாவதாகவே தேர்வானார்.

இவ்வளவும் புகழ். நாம் கவனிக்க வேண்டியது இதற்கப்பால் உள்ளது. அமெரிக்கா சென்ற தொடக்க ஆண்டுகளில் மார்க்க நடைமுறைகளில் தாம் தளர்ந்திருந்ததை அவர் மறைத்ததில்லை. ஆடுகளத்தில் சினத்துக்கு ஆளாவதும் உண்டு. பின்னர் ஹூஸ்டன் நகரப் பள்ளிவாசல் ஒன்றின் தொடர்பு கிடைத்தது. அங்குத் தொழ வருவோருடன் தோளோடு தோள் நின்றார். குர்ஆனை ஓதவும் அரபு மொழியைக் கற்கவும் முனைந்தார். பிறர் 'அக்கீம்' என எழுதி வந்த தம் பெயரை 1991இல் 'ஹக்கீம்' என்று திருத்திக்கொண்டார்.

அவருடைய ஆட்டம் இதனால் குன்றிற்றா? 1994, 1995 ஆகிய ஈராண்டுகளிலும் அவருடைய அணியே வாகை சூடியது. 1995இல் ரமலான் மாதம் பிப்ரவரி தொடக்கத்தில் வந்தது. பகல் முழுதும் நீரும் அருந்தாமல் நோன்பிருந்து ஆடினார். அந்தப் பிப்ரவரியின் சிறந்த வீரராக என்.பி.ஏ. போட்டி அமைப்பு அவரையே தேர்ந்தெடுத்தது.

ஏழை வீடுகளுக்கு இன்னொரு செய்தியும் இதிலுண்டு. பெருவீரர்களின் பெயரால் விற்கும் காலணிகள் நூறு டாலருக்கு மேல் விலைபோன காலம் அது. அவற்றுக்காகச் சிறுவர்கள் அடித்துக்கொண்டு மடிந்த கொடுமையும் நடந்தது. ஒலாஜுவான் தம் பெயர் தாங்கிய காலணியைச் சுமார் 35 டாலருக்கு விற்கச் செய்தார். உழைத்துப் பிழைக்கும் தாயொருத்தி தன் பிள்ளைகளுக்கு வாங்கித் தரத்தக்க விலையில் அது இருக்கட்டும் என்பதே அவர் எண்ணம். கண் தெரியாத தூரத்திலுள்ள ஒரு தாயின் முந்தானை முடிச்சை நினைத்துப் பார்க்கும் உள்ளம் பொன்னை விட உயர்ந்ததன்றோ?

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆட்டம் வேறு, கால்பந்து. படிப்பினை அதுவே.

1980ஆம் ஆண்டில் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் ஈரான் நாட்டு இளைஞர்கள் சேர்ந்தனர். அவர்கள் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர்கள். அவர்களுள் இருவர் மஜீத் பிஷ்கர், ஜம்ஷீத் நாசிரி. மஜீத், 1978 உலகக் கோப்பைக்குச் சென்ற ஈரான் அணியில் இடம்பெற்றவர். பின்னர் இருவரும் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கும் ஆடினர். மஜீதின் ஆட்டத்தைக் கண்ட ரசிகர்கள் அவரைப் 'பாதுஷா' என்றே அழைத்தனர்.

ஒரே நாடு, ஒரே கல்லூரி, ஒரே அணி, ஒரே ஊர். ஆனால் முடிவு ஒன்றாக இல்லை. மஜீதின் சொந்த ஊரான கோரம்ஷஹர், அவர் இங்கிருந்த 1980ஆம் ஆண்டிலேயே ஈரான் – ஈராக் போரில் சின்னாபின்னமாயிற்று. அந்நிய நகரில், அளவற்ற புகழின் நடுவே, அதட்டிச் சொல்ல ஒரு பெரியவர் இல்லாத தனிமையில், அவர் வாழ்வு ஒழுங்கு குலைந்ததையும் போதைக்கு இரையானதையும் கல்கத்தா விளையாட்டு எழுத்தாளர்கள் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளனர். 1980களிலேயே தாயகம் திரும்பிய அவர், 2019இல் ஈஸ்ட் பெங்கால் நூற்றாண்டு விழாவுக்கு வந்தபோது அந்நகரம் மறவாமல் திரண்டு வரவேற்றது. எந்த அடியாரின் இறுதி நிலையும் நம் கையில் இல்லை. ஒருவரின் குறையைப் பேசி மகிழ்வது நமக்கு ஆகாது. படிப்பினைக்காக மட்டுமே இதனைச் சொன்னேன்.

ஜம்ஷீத் அந்நகரிலேயே குடும்பமாக வேரூன்றினார். அவருடைய மகன் கியான் நாசிரி, 2022 ஜனவரியில் கல்கத்தாவின் இருபெரும் அணிகள் மோதிய ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி மூன்று கோல்கள் அடித்தார். 2024இல் நம் சென்னையின் எஃப்.சி. அணியிலும் சேர்ந்தார். படிக்க வந்த மாணவரின் வழித்தோன்றல் நம் வாசல்வரை வந்துவிட்டது!

இவ்விருவருக்கும் திறமையில் குறைவில்லை. ஒலாஜுவானை மீட்டதும் திறமையன்று. அங்கே அவருக்கு ஒரு பள்ளிவாசல் கிடைத்தது. ஸலாம் சொல்லி அருகில் அமர்த்திக்கொள்ள ஆட்கள் கிடைத்தனர். மனிதன் தன் தோழனின் வழியிலேயே நடப்பான். ஆதலால் யாரைத் தோழமை கொள்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

காஞ்சிபுரத்தார்க்கு இதனை விளக்குவது எளிது. கோர்வைச் சேலையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் பிணைத்து நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். எவ்வளவு கைதேர்ந்த நெசவாளராயினும், பக்கத்தில் ஒரு துணையாள் அமர்ந்து நாடாவை வாங்கித் தள்ளினால்தான் கோர்வை விழும். அப்படி நெய்த சேலை, உடல் நைந்தாலும் கரை விட்டுப் போகாது என்பர். நம் பிள்ளைகளின் உலகக் கல்வியையும் மார்க்கத்தையும் நாம் கோர்வையாக நெய்கிறோமா, அல்லது கரையைத் தனியே நெய்து நூலால் தைத்து அனுப்புகிறோமா?

இங்கேதான் என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் மக்தபில் ஓதிய சிறுவன் ஒருவன், மாலையில் பந்தாடிவிட்டுத் தாமதமாக வருவான். வியர்வையோடும் புழுதியோடும் வந்து கடைசி வரிசையில் அமர்வான். குரல் இனிமையானது; ஓதலில் பிழை குறைவு. ஒருநாள் சினந்து, "மைதானமா, குர்ஆனா? ஒன்றை முடிவு செய்துகொண்டு வா" என்று வெளியே அனுப்பினேன். அவன் திரும்பி வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். பெருநாள் தொழுகைக்கு மட்டும் வருவதாக அறிந்தேன். பாடத்தை அரைமணி நேரம் தள்ளிவைத்திருந்தால் போதுமே! ஒன்றைத் துறந்தால்தான் மற்றொன்று என்று நானே அவனுக்குக் கற்பித்துவிட்டேன். அதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புத் தேடி வருகிறேன்.

ஆகவே நம் கடமைகள் மூன்று எனக் கருதுகிறேன்.

முதலாவது, போகுமுன் கற்பித்தல். பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழும் முறை, பயணிக்கு நோன்பில் உள்ள சலுகை, பின்னர் அதனை நிறைவேற்றும் கடமை, ஹலாலான உணவு, ஒப்பந்தத்தைப் படித்துக் கையொப்பமிடும் நிதானம் ஆகியவற்றைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். சட்டையில் மது நிறுவனத்தின் சின்னத்தை அணிய மாட்டேன் என்று தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லா மரியாதையோடு கூறினார், அவ்வாறே விடப்பட்டார். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சான்று.

இரண்டாவது, படிப்பைக் கைவிடாமை. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னாம் சிங், 2015இல் என்.பி.ஏ. அணியொன்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரானார். நாடு பெருமை கொண்டது. ஆயினும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. வாசல் அவ்வளவு குறுகியது. ஒரு முழங்கால் காயம் கனவை முடித்துவிடலாம். பட்டம் கையிலிருந்தால் பிழைப்பு முடியாது.

மூன்றாவது கடமை பெற்றோருடையதன்று, மஹல்லா ஜமாஅத்துடையது. பிள்ளை எந்நகருக்குப் போகிறான், அங்குப் பள்ளிவாசல் எங்குள்ளது, பொறுப்பாளர் யார் என்று விசாரித்து, முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். திருமணப் பதிவேட்டையும் சந்தாப் புத்தகத்தையும் பேணுகிற நாம், வெளியூர் சென்ற பிள்ளைகளின் பெயரேடு ஒன்றை வைத்திருக்கிறோமா? சென்னைக்குப் போனவனையே மறந்துவிடும் நாம், கடல் கடந்தவன் கெட்டான் என்று குறை கூற என்ன உரிமை படைத்தோம்?

அடுத்த வெள்ளியன்று அந்தச் சகோதரர் வந்தார். "அனுப்புங்கள்" என்றேன். "முதலில் பட்டப் படிப்பை முடிக்கட்டும். அதுவரை மாலையில் ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வரட்டும். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன்" என்றேன். மறுநாள் இஷாத் தொழுகைக்குப் பின் அந்தப் பிள்ளை வந்தான். வாசற்படியில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்து, கடைசி வரிசையில் உட்காரப் போனான். அருகே அழைத்து அமர்த்திக்கொண்டேன்.

நம் பிள்ளைகள் எங்குச் சென்றாலும் நல்ல துணையை வல்ல அல்லாஹ் அருள்வானாக. இங்கிருந்து அவர்களுக்குத் துணை நிற்கும் பொறுப்பை நமக்கும் உணர்த்துவானாக. ஆமீன்.