எழுத ஓடவில்லையா, கேட்கப் போங்கள்

"எழுதவே ஓடலைண்ணே." தளவாய்புரத்திலிருந்து இதழ் கொண்டுவரும் எங்களுக்கு இந்த வருஷம் படைப்புகளைவிட இந்தப் பதில்தான் அதிகம் வந்தது. சேத்தூர், முகவூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எந்த ஊர் நண்பரைக் கேட்டாலும் இதே பாட்டு. மனசு கூடி வரட்டும் என்கிறார்கள்.

அது தானாகக் கூடி வராது. நம் கரிசல்காட்டுப் பூமணிக்கு 1995இல் 'வாய்க்கால்', 'வரப்புகள்' நாவல்கள் இரண்டும் வந்தன. அடுத்த நாவலுக்கு வாசகர்கள் 17 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. கழுகுமலையில் 1895இலும் சிவகாசியில் 1899இலும் நடந்த கலவரங்களின் தடம் பிடித்துப் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்தார். ஊர்வாய்ப் பேச்சையும் சேர்த்துக்கொண்டார். 2012இல் ஆயிரம் பக்கம் தாண்டிய 'அஞ்ஞாடி' வந்தது. 2014இல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றது. அவ்வளவு பெரிய நாவலை வேகம் குறையாமல் எழுத வைத்தது, தேடிச் சேர்த்த சரக்குதான்.

எல்லா மௌனமும் ஒன்றல்ல. பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் எழுத்தை நிறுத்தியது தன் நாவலுக்கு எழுந்த எதிர்ப்பும் நெருக்கடியும் தாங்காமல். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு 'கோழையின் பாடல்கள்' கவிதைகளோடு திரும்பினார். நம் பேனாவை யாரும் பிடுங்கவில்லை. நாம்தான் காது கொடுப்பதை விட்டுவிட்டோம்.

தெருவுக்குத் தெரு நைட்டி தைக்கிற ஊர் எங்கள் தளவாய்புரம். கரண்ட் போனதும் மிஷின்கள் நிற்கும், பேச்சு கிளம்பும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசியது, ஓவர்லாக் பிரிந்து திரும்பி வந்த கட்டு, குழுக் கடனுக்கு இந்த வாரத் தவணை, பக்கத்து வீட்டுக்காரி கட்டாமல் போனதற்கு மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டியது. கேட்க ஆளிருந்தால் அரைமணி நேரத்தில் ஒரு நாவலுக்கான மனிதர்கள் வந்து போவார்கள். நம் கதைகளில் இவர்கள் எத்தனை பேர்?

ஆகவே அடுத்த இதழுக்குக் கதையும் கவிதையும் கேட்கப்போவதில்லை. ஒரு தொழில், ஒரு தெருச்சண்டை, வழக்கொழிந்த ஒரு சடங்கு என எதையாவது விசாரித்து இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். நடை பார்க்க மாட்டோம். விவரத்தை மட்டும் குடைந்து குடைந்து கேட்போம். பதில் தெரியாவிட்டால் இன்னொரு நடை போய்க் கேட்டுவர வேண்டியிருக்கும். அது கதையாகிறதா இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.