மொறிஸ் மைனருக்குக் கொயில் போடும் தம்பிமாருக்கு

யட்டியாந்தோட்டைப் பக்கம் பழைய மொறிஸ் மைனருக்குத் திரும்பவும் மவுசு வந்திருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டபோதும் விலை நம் கைக்கு எட்டவில்லை. அதனால் பொடியன்மார் வீட்டு முற்றத்தில் பழையதைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மொறிஸ் பாகங்களை இங்கே செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய நாடு இது.

ஆனால் பின்பக்க சஸ்பென்ஷனைத் தொடுமுன் கொஞ்சம் நில்லுங்கள்.

மொறிஸில் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். அது பாரம் தாங்குவதோடு நிற்பதில்லை. அக்சல் முன்னே பின்னே போகாமல், பக்கவாட்டில் நழுவாமல், பிரேக் பிடிக்கும்போது முறுகாமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். கொயில் ஸ்பிரிங்குக்குப் பாரம் தாங்க மட்டுமே தெரியும். பட்டையைக் கழற்றினால் மிச்ச வேலைக்கு வேறு ஆள் வேண்டும்: நீளவாக்கில் பிடிக்கும் ஆர்ம்கள், குறுக்கே ஒரு பனாட் ரொட். அவற்றைப் பூட்டுகிற தகடு துருப்பிடித்ததாக இருந்தால், வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. வெல்டிங் நிற்கும், பக்கத்துத் தகடு கிழியும். அது கிழிவது முற்றத்திலா, கினிகத்தேனை வளைவிலா என்பது நம் கையில் இல்லை.

குலுக்கல் குறைந்தால் போதும் என்றால், பட்டையை அப்படியே விட்டு, பழைய லீவர் ஷொக்குக்குப் பதில் டெலிஸ்கோப் ஷொக் போடுங்கள். செலவும் குறைவு. என் ஓட்டு அதற்குத்தான்.

ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். நம்ம ஊர் மழை மண்ணில் அது சரிய நேரம் எடுக்காது. சீமெந்துக் கல் அடுக்குவதும் ஸ்டாண்ட் ஆகாது, பாரத்தில் திடீரென நொறுங்கும்.

என் கோபம் பொடியன்மார் மீதல்ல. தனியார் காருக்கு வருடா வருடம் புகை பார்க்கிறோம், அடியில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் கேட்கும் தகுதிச் சான்றிதழ் காருக்கு இல்லை. மொறிஸ் பிறந்த இங்கிலாந்தில் 40 வயது தாண்டிய காருக்கு 2018 முதல் வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆனால் சஸ்பென்ஷன் வகையை மாற்றிய காருக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது. இங்கேயும் புகை பார்க்கும் இடத்திலேயே ஒரு குழி வெட்டி, மாற்றம் செய்த காரின் அடியைப் பார்த்துச் சொல்ல ஒருவரை வைக்கலாமே. காசு கேட்டால் கட்டுவோம். பொலிஸ் வீதியில் மறித்துத் தண்டம் எழுதினால் அக்சல் இறுகிவிடாது.

அது வரும்வரை, வேலை முடிந்ததும் அனுபவமுள்ள ஒரு பாஸைக் கூப்பிட்டு அடியைக் காட்டுங்கள். உம்மாவையும் தங்கச்சியையும் பின் சீட்டில் ஏற்றுவது அதற்குப் பிறகு.