கைப்பையில் துப்பாக்கி வைப்பது வசதி என்று சொன்ன என் மாணவனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை டெக்சாஸிலிருந்து பழைய மாணவன் ஒருவன் வீடியோ காலில் வந்தான். பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் இயற்பியல் படித்தவன். கிரீன் கார்டு கிடைத்து, வீடு வாங்கி, இப்போது கைத்துப்பாக்கியும் வாங்கியிருக்கிறான்.

"இடுப்புல வச்சா குத்துது சார். கார்ல உட்காரவே முடியல. அதான் வைஃபோட ஹேண்ட்பேக்ல போட்டுடறோம். அதுதான் வசதி" என்றான்.

அவனுக்குப் பின்னால் சோபாவில் ஒரு கைப்பை. அவனுடைய மூன்று வயது மகள் அதைத் திறந்து சாக்லெட் தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. அவனிடம் கத்தியதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

"சாருக்குத் துப்பாக்கி பற்றி என்ன தெரியும்?" என்பவர்களுக்கு: நான் பல வருடம் பள்ளியில் என்.சி.சி. பார்த்தவன். பாயிண்ட் டூ டூ ரைஃபிள் சுட மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். முதல் நாள் பாடம் குறி பார்ப்பது அல்ல. துப்பாக்கி முனை யார் பக்கமும் திரும்பக் கூடாது. சுடும் நொடி வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. பைக்குள் போட்ட துப்பாக்கியில் இந்த இரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது. முனை யாரைப் பார்க்கிறது என்று தெரியாது. விசையில் படுவது பேனாவா, சாவிக்கொத்தா, குழந்தையின் விரலா என்றும் தெரியாது.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2014 டிசம்பர் 30, ஐடஹோ மாநிலம் ஹேடன் என்ற ஊர். கடையில் தள்ளுவண்டியில் குழந்தை, பக்கத்தில் அம்மாவின் கைப்பை. துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை. இரண்டு வயதுப் பையன் கையை விட்டு எடுத்தான். ஒரே குண்டு. அம்மா அங்கேயே இறந்துபோனார். அவர் உரிமம் பெற்றவர், துப்பாக்கி பழகியவர்.

ஆண்கள் மட்டும் புத்திசாலிகளா? 2008 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பர்ரெஸ், நியூயார்க் இரவு விடுதி ஒன்றுக்கு இடுப்பில் துப்பாக்கியைச் சும்மா செருகிக்கொண்டு போனார். அது வழுக்கியது, பிடிக்கப் போனார், தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். உரிமமும் இல்லாததால் இரண்டு வருடச் சிறைத் தண்டனை வேறு.

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பது வேறு சண்டை. வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் வாங்கிவிட்டவனிடம் சொல்ல வேண்டியது: வசதியான இடம் எது என்று முதலில் கேட்காதே. விசையை முழுவதும் மூடுகிற, நெகிழாத, கெட்டியான உறை இருக்கிறதா என்று கேள். அந்த உறை கனமான பெல்ட்டில், உன் உடம்போடு இருக்கட்டும். இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். முதுகுத்தண்டுக்கு நேரே வைத்தால், மல்லாக்க விழும்போது முதுகெலும்பு அடி வாங்கும். அடிவயிற்றுப் பக்கம் வைத்தால் முனை உன் தொடையின் பெரிய ரத்தக்குழாயைப் பார்த்திருக்கும். அங்கே ஒரு தவறுக்கும் இடமில்லை. குத்துகிறதா? பெல்ட்டை மாற்று, உறையை மாற்று. அதற்கும் பொறுமை இல்லையென்றால் குண்டை இறக்கி, வீட்டில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போ.

"ஆபத்து வந்தா பூட்டித் திறக்க நேரம் இருக்குமா சார்?" என்றான். அப்பா, நீ பயப்படுகிற திருடன் ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். உன் மகள் அந்தப் பையைத் தினமும் திறக்கிறாள். கணக்கை நீயே போடு. நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

"இங்கே சட்டமே கேட்கிறதில்லை" என்றான். பாதி சரி. 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில், தடை எதுவும் இல்லாத 21 வயதுக்காரர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். வெளியே தெரிந்தால் உறையில் இருக்க வேண்டும். மறைத்து வைத்தால் அந்தக் கட்டாயம் இல்லை. சட்டம் கேட்காவிட்டால் அறிவும் கேட்கக் கூடாதா? மீதிப் பாதியையும் படி: அஜாக்கிரதையாக விட்ட, சுடத் தயாரான துப்பாக்கி 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குப் போனால், அதே டெக்சாஸில் அது குற்றம்.

நம் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். "அது அமெரிக்கா விஷயம்" என்று பெற்றோர்கள் ஒதுங்க வேண்டாம். இன்று ராத்திரி போன் போடும்போது, "சாப்பிட்டியா" கேட்ட பிறகு, "வீட்ல துப்பாக்கி இருக்கா? இந்த நிமிஷம் அது எங்கே இருக்கு?" என்றும் கேளுங்கள்.

என் மாணவன் இன்னும் பதில் போடவில்லை. கோபமாக இருப்பான். இருக்கட்டும். அந்தப் பையை மட்டும் சோபாவிலிருந்து எடுத்திருந்தால் போதும்.